மெல்லிய வில்லையும் பிடிவாதக் குழந்தையும்

ஹாலந்து தேசத்தின் ராட்டர்டாம் நகரத்தில் இறைச்சிக் கடை நடத்திவந்த வில்ஹெல்ம் வான் பெர்க்கல் என்பவர், சுழலும் வட்டக் கத்தி ஒன்றையும், அதனை நோக்கி இறைச்சியை முன்னும் பின்னுமாக நகர்த்திக் கொடுக்கும் மேடை ஒன்றையும் இணைத்து, மெல்லிய துண்டங்களை ஒரே கனத்தில் அரிந்து தள்ளும் யந்திரம் ஒன்றை 1898-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதுகாறும் கைதேர்ந்த கடைக்காரர் ஒருவரின் மணிக்கட்டை நம்பியிருந்த அந்த நேர்த்தி, அதன் பின்னர் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றத் தெரிந்த எவருக்கும் எளிதாயிற்று. உப்பிட்டுப் பதனிட்ட பன்றித்தொடையாகிய ஹாம், இறைச்சியை அரைத்துக் குழலில் அடைத்து உலர்த்திய சலாமி, இத்தாலியின் போலோனா நகரத்து மோர்ட்டடெல்லா, அவித்த வான்கோழி நெஞ்சுக்கறி ஆகிய யாவும் வில்லை வில்லையாக விற்பனைக்கு வந்து, நாளடைவில் மேனாட்டுக் குடும்பங்களின் அன்றாட ஆகாரத்தில் நிலையான ஸ்தானம் பெற்றுவிட்டன.

ஆயினும் இந்தச் சௌகரியத்துடன் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் சாண்ட்விச்சுக்காக வாங்கிய பொட்டலத்தில் இரண்டு மூன்று வில்லைகள் செலவாகின்றன. அதற்குள் குழந்தைக்கு அலுத்துவிடுகிறது, அல்லது முதல் நாளே வழவழவென்றும் சில்லென்றும் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எஞ்சியவை குளிர்ப்பெட்டியின் ஒரு மூலையில் ஈரம் கசிந்து கிடந்து, வார இறுதியில் குப்பைக்குப் போய்ச் சேர்கின்றன. மிஞ்சிய இறைச்சியை வீணாக்காமல் எவ்வாறு உபயோகிப்பது என்பதும், எதை வைத்தாலும் வேண்டாம் என்று அடம் பிடிக்கும் குழந்தையை எவ்வாறு உண்ணச் செய்வது என்பதும் வெவ்வேறு பிரச்னைகளாகத் தோன்றினாலும், ரசாயனமும் உடலியலும் உளநூலும் கண்டறிந்தவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது, இரண்டிற்கும் விடை ஏறக்குறைய ஒன்றே என்பது புலனாகும்.

எல்லாம் மேற்பரப்பு

பக்கத்திற்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரமான இறைச்சிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. காற்றுப்படும் மேற்பரப்போ 600 சதுர சென்டிமீட்டர். அதையே இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அரிந்தால் ஐம்பது வில்லைகள் கிடைக்கும். அவற்றின் இருபுறங்களையும் ஓரங்களையும் கூட்டினால் 10,400 சதுர சென்டிமீட்டர் வரும். எடையில் ஒரு குன்றிமணியும் கூடாமல், மேற்பரப்பு மட்டும் பதினேழு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும், கடையின் மின்விளக்கொளியும், கத்தியிலும் கையிலும் ஒட்டிவரும் நுண்ணுயிர்களும் இறைச்சியைத் தீண்டுவது மேற்பரப்பின் வழியாகவே ஆதலால், முழுத்தொடையாக இருந்தபோது நெடுநாள் கெடாதிருந்த பண்டம், வில்லையானவுடன் நாட்கணக்கில் கெடத் தொடங்குவதில் வியப்பொன்றும் இல்லை.

இந்த மாறுதலை முதலில் அறிவிப்பது நிறம். இறைச்சிக்குச் செந்நிறம் அளிப்பது மையோகுளோபின் என்னும் புரதத்திலுள்ள இரும்பு. பதனிடும்போது சேர்க்கும் நைட்ரைட் உப்பு நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி அவ்விரும்பைப் பற்றிக்கொள்வதாலேயே, சாதாரண இறைச்சி வேகும்போது பழுப்பாகிவிட, ஹாம் மட்டும் வெந்த பின்னும் இளஞ்சிவப்பாக நிற்கிறது. இந்த விந்தையின் காரணத்தை 1901-ஆம் ஆண்டில் விளக்கியவர், சுவாசத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காகப் புகழ்பெற்ற ஜான் ஸ்காட் ஹால்டேன். ஒளியும் பிராணவாயுவும் சேர்ந்து தாக்கும்போது அந்தப் பிணைப்பு தளர்ந்து, ஓரங்கள் சாம்பல் நிறம் கொள்கின்றன; ஆகையால் நிறம் சற்று மங்கியதை மட்டும் கண்டு ஒரு வில்லையைக் கெட்டதென்று தள்ளிவிடலாகாது.

பச்சை நிறத்தைப் பற்றியோ இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஹாம் வில்லை ஒன்றை ஜன்னலருகே பிடித்துச் சற்றே சாய்த்தால், அதன்மீது பச்சையும் செம்மையும் கலந்த மினுமினுப்பு ஒன்று தோன்றும். வேறு கோணத்தில் திருப்பினால் மறைந்துவிடும். தசைநார்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, கத்தி அவற்றைக் குறுக்கே நேராக வெட்டிச் சென்றிருப்பதனால், அந்த நுண்ணிய வரிகளில் பட்ட ஒளி சிதறிப் பிரிந்து காட்டும் ஜாலமே அது. அதில் தோஷம் எதுவுமில்லை. மாறாக, எப்படித் திருப்பினாலும் போகாத மங்கிய பச்சைத் திட்டு, சிலவகை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு அந்த இளஞ்சிவப்பு நிறப்பொருளைச் சிதைத்ததன் அடையாளம். அத்தகைய வில்லையையும், தொட்டால் விரலில் நூலிழுக்கும் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் கொண்ட வில்லையையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத அபாயம் ஒன்றும் உண்டு. 1926-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் முர்ரே என்பவரும் அவருடைய சகாக்களும், ஆய்வுக்கூடத்து முயல்களைக் கொன்ற ஒரு பாக்டீரியாவை விவரித்தனர். லிஸ்டீரியா என்று இன்று வழங்கும் அந்த நுண்ணுயிருக்கு ஒரு விசேஷமான ஆற்றல் இருக்கிறது: ஏனைய நோய்க்கிருமிகள் பலவும் சோம்பிக்கிடக்கும் 4 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் அது மெல்ல மெல்லப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் போலோனி என்னும் பதனிட்ட இறைச்சியின் வாயிலாக அது பரவியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர். கர்ப்பிணிகளையும் வயோதிகர்களையும் பிறந்த சிசுக்களையும் அது விசேஷமாகத் தாக்குவதால், குழந்தையுடன் அதே மேஜையில் உண்ணும் தாய் மீண்டும் கருவுற்றிருக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கை இருமடங்கு அவசியமாகிறது. பிரித்த பொட்டலத்தை மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்றும், உறையவைத்தால் ஓரிரு மாதம் வரை சுவை குன்றாதிருக்கும் என்றும் அமெரிக்க விவசாய இலாகா அறிவுறுத்துகிறது. உறைநிலை லிஸ்டீரியாவைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. அதைக் கொல்வது வெப்பமே. ஆவி பறக்கும்படி, அதாவது 74 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடாக்கினால் அபாயம் நீங்கும். ஆகவே மிஞ்சிய வில்லைக்கு உரிய இடம் குளிர்ந்த ரொட்டிக்கு நடுவே அன்று, அடுப்பின்மேல் என்பது சுகாதார சாஸ்திரம் தரும் முதல் முடிவு.

புதியதை அஞ்சும் நாக்கு

இனிக் குழந்தையிடம் வருவோம். மாடு புல்லைத் தின்றும் புலி மானைத் தின்றும் கவலையின்றி வாழ்கின்றன; எதையும் உண்ணவல்ல மனிதனுக்கோ, புதிய பண்டங்களைத் தேடிச் சென்றால்தான் போஷணை கிட்டும் என்ற உந்துதலும், புதியது நஞ்சாக இருந்துவிடலாம் என்ற அச்சமும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. இந்த இருதலை நிலையைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் பால் ரோசின் விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். தாயின் கையை விட்டு நடக்கத் தொடங்கும் இரண்டாம் வயதையொட்டி இந்த அச்சம் கூர்மையடைந்து, ஐந்தாறு வயது வரை ஆட்சி செலுத்துகிறது. கண்டதை எடுத்து வாயிற் போட்டுக்கொள்ளும் ஆற்றல் வந்த பருவத்திலேயே சந்தேக சுபாவமும் வருவது, இயற்கை வைத்த காவல் என்றே கொள்ளத்தக்கது. லண்டனில் லூசி குக், ஜேன் வார்டில் முதலியோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தைகளின் ஜோடிகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, புதிய உணவை அஞ்சுவதில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேற்றுமையில் நூற்றுக்கு 78 பங்கு பரம்பரையைச் சார்ந்தது என்பதாகும். குழந்தை சாப்பிடுவதில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறில்லை.

பரம்பரை என்றவுடன் மாற்ற இயலாதது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் லியன் பர்ச் என்ற அறிஞர் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத பாலாடைக்கட்டிகளையும் பழங்களையும் வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கக் கொடுத்துப் பார்த்து, அதிகத் தடவை ருசிபார்த்த பண்டத்தையே குழந்தைகள் பிற்பாடு விரும்பி எடுக்கின்றனர் என்று 1982-ஆம் ஆண்டில் நிறுவினார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அவரும் அவருடைய துணைவர்களும் செய்த மற்றொரு பரீட்சையில், கண்ணால் பார்த்துப் பழகியது மட்டும் நாவின் அச்சத்தைப் போக்குவதில்லை, நாவில் பட்டால்தான் போக்கும் என்பது தெளிவாயிற்று. எனவே வேண்டுவது பெரிய கவளம் அன்று. ஒரு நகக்கண் அளவேயாயினும் மீண்டும் மீண்டும் கிட்டும் சுவை.

காய்கறிகளின் விஷயத்தில் இன்னொரு தடையும் உண்டு. 1931-ஆம் ஆண்டில் ட்யூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற ரசாயன நிபுணர் ஒரு பொடியைக் கொட்டியபோது, பறந்த தூசு கசக்கிறதென்று சகா ஒருவர் முறையிட, ஃபாக்ஸின் நாவிலோ அது எந்தச் சுவையையும் தரவில்லை. மனிதர் யாவரும் ஒரே கசப்பை உணர்வதில்லை என்ற உண்மை அவ்வாறு வெளியாயிற்று. அந்தப் பேதத்துக்குக் காரணமான மரபணுவும் பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. முட்டைக்கோசு, பிராக்கோலி போன்றவற்றின் கசப்பு அம்மரபணு பெற்ற குழந்தைக்கு மெய்யாகவே உறைக்கிறது. 'ஒன்றும் கசக்கவில்லை, சாப்பிடு' என்று தட்டை நகர்த்தும் தந்தையும் பொய் சொல்லவில்லை. இருவர் நாவும் இருவேறு செய்தி கூறுகின்றன, அவ்வளவே.

உணவன்று, சுவையூட்டி

இவ்விடத்தில்தான் குளிர்ப்பெட்டியில் கிடக்கும் வில்லைக்கு வேலை வருகிறது. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆராய்ச்சி நிலையத்தில் பால் பிரெஸ்லின், கேரி பீச்சம் ஆகிய இருவரும் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, உப்பானது பிற சுவைகளை எல்லாம் ஒருசேர உயர்த்துவதில்லை என்றும், கசப்பை அமுக்கி அதன் கீழ் மறைந்துகிடக்கும் இனிப்பை மேலெழச் செய்கிறது என்றும் காட்டியது. இதற்கு மேலும் ஒரு துணை உண்டு. ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா 1908-ஆம் ஆண்டில் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய சீடர் கொடாமா 1913-ஆம் ஆண்டில், உலர்ந்த மீனில் இனோசினேட் என்ற வேறொரு பொருளும் அதே சுவையைத் தருவதைக் கண்டார். இவ்விரண்டும் கூடும்போது பிறக்கும் சுவை தனித்தனிச் சுவைகளின் கூட்டுத்தொகையைப் பன்மடங்கு விஞ்சுகிறது என்பதைப் பின்னர் அகிரா குனினாகா தெளிவுபடுத்தினார். இறைச்சியில் இனோசினேட்டும், பாலாடைக்கட்டி, தக்காளி, பச்சைப் பட்டாணி ஆகியவற்றில் குளுட்டமேட்டும் இருப்பதனால், ஹாமும் சீஸும் எல்லாத் தேசத்துச் சமையலறைகளிலும் ஜோடியாகத் திரிவதற்கு ரசாயனமே சாட்சி கூறுகிறது.

ஆகவே மிஞ்சிய வில்லையை இறைச்சியாகக் கருதித் தட்டின் நடுவில் வைப்பது தவறு; இரண்டு துண்டுக் கருவாட்டைப் போட்டு ஒரு சட்டிக் குழம்பையும் மணக்கச் செய்யும் பாங்கில், அதைச் சுவையூட்டியாகக் கருதிப் பொடியாக நறுக்கி, குழந்தை ஏற்கெனவே விரும்பும் பண்டம் ஒன்றிலும், இனிமேல் விரும்ப வேண்டிய காய்கறி ஒன்றிலும் கலந்துவிடுவதே முறை. மேற்பரப்பு மிகுந்திருப்பதால் விரைவில் கெடும் அந்த வில்லை, அதே காரணத்தால் தன் உப்பையும் சாரத்தையும் விரைவில் பிறவற்றுக்கு வழங்கவும் வல்லதாயிருக்கிறது.

மிச்சம் மீதியைக் கொண்டு குழந்தைகளுக்குச் சமைப்பதில் பழுத்த அனுபவம் பெற்ற தேசங்கள் இந்த உண்மையை ஆய்வுக்கூடம் இன்றியே அறிந்திருந்தன. ஆஸ்திரியாவில் ஷிங்கன்ஃப்ளெக்கர்ல் என்றொரு பதார்த்தம் உண்டு: சிறு சதுரங்களாக வெட்டிய கோதுமைப் பாஸ்தாவை வேகவைத்து, வதக்கிய வெங்காயமும் பொடித்த ஹாமும் சேர்த்து, புளித்த பாலேடும் முட்டையும் ஊற்றி, அடுப்பிலிட்டு மேற்புறம் பொன்னிறமாக வாட்டுவார்கள். ஹாம் துண்டும் பாஸ்தாத் துண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், ஒன்றை விட்டு ஒன்றைப் பொறுக்கித் தின்பது குழந்தைக்கு எளிதன்று. ஸ்பெயினில் எலும்பையொட்டி எஞ்சும் ஹாம் சிதறல்களை, வெண்ணெயும் மாவும் பாலும் சேர்த்துக் கிண்டிய கெட்டிக் கூழில் கலந்து ஆறவைத்து, விரல் நீளத்துக்கு உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் குரோக்கெட்டாக்களைக் குழந்தைகள் சூடு ஆறுவதற்குள் தீர்த்துவிடும். ஹாங்காங்கின் சா சான் தெங் உணவுக்கடைகளிலோ, தெளிந்த கோழிச்சாற்றில் மிதக்கும் மக்ரோனியின்மேல் நீளவாக்கில் அரிந்த நான்கைந்து ஹாம் கீற்றுகளைத் தூவிக் காலை உணவாகக் கொடுக்கிறார்கள்; பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு வீடுகளிலும் அதுவே பழக்கம். இம்மூன்றிலும் இறைச்சி சிறுபான்மை, மாவுப்பண்டம் பெரும்பான்மை. முன்னது ருசி தருகிறது, பின்னது வயிற்றை நிறைக்கிறது. இவற்றோடு ஒரு பிடி பட்டாணியையோ மெல்லிதாக அரிந்த கோசையோ சேர்ப்பது நம் பொறுப்பு.

வழவழப்பை வெறுக்கும் குழந்தைக்கு வாணலி துணைசெய்யும். வில்லைகளைச் சுருட்டிக் கீற்றாக அரிந்து, எண்ணெய் இன்றி அகன்ற வாணலியில் பரப்பி, மிதமான சூட்டில் வைத்தால், முதலில் நீர் கசிந்து சலசலவென்ற ஓசை எழும். அந்த நீர் முழுதும் வற்றும்வரை வெப்பநிலை நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. ஓசை மெலிந்து படபடப்பாக மாறும் தருணத்தில் ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். லூயி கமில் மையார் 1912-ஆம் ஆண்டில் விவரித்த, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் புணர்ந்து மணம் பரப்பும் ரசாயன மாற்றம் அது. அங்கேயே நிறுத்திவிடுவது உத்தமம். ஏனெனில், நைட்ரைட் சேர்ந்த இறைச்சியைக் கருகுமளவு வறுத்தால் நைட்ரோசமைன் என்னும் தீய பொருள்கள் உண்டாக இடமுண்டு. சலாமி போன்ற கடினமான வில்லைகளை, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வட்டமாகக் கொடுக்காமல் மிகப் பொடியாக நறுக்கியே கொடுக்க வேண்டும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் வெறும் வார்த்தை அன்று.

அளவும் ஆரோக்கியமும்

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-ஆம் ஆண்டில், பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. அப்பிரிவில் புகையிலையும் இருப்பதைக் கண்டு பலர் இரண்டையும் சமமான கொடுமை என்று மயங்கினர். அப்பிரிவு காட்டுவது சாட்சியத்தின் உறுதியையே அன்றித் தீங்கின் பருமனை அன்று. நாள்தோறும் 50 கிராம் வீதம் உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோயின் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு பங்கு கூடுகிறது என்பதே அவர்களின் கணக்கு. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அன்றாட வழக்கமாக்கவும் கூடாது.

உப்பின் கணக்கு இன்னும் அண்மையில் நிற்கிறது. நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 3 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பரிந்துரை. நூறு கிராம் ஹாமில் இரண்டு கிராம் உப்பு இருப்பதாகக் கொண்டால், ஐம்பது கிராம் ஹாமும் இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு சிறு சீஸ் துண்டும் வைத்த சாண்ட்விச் ஒன்றே இரண்டு கிராமுக்கு மேலான உப்பை உள்ளே கொண்டுபோய்விடும். எண்பது கிராம் ஹாம் வில்லைகளை நால்வருக்கான பாஸ்தாவில் பொடித்துப் போட்டு, வேறு உப்பே சேர்க்காமல் சமைத்தால், தலைக்கு இருபது கிராம் இறைச்சியும் அரைக் கிராமுக்குக் குறைந்த உப்புமே அதன் வாயிலாகச் சேரும். சிக்கனத்துக்காகக் கைக்கொண்ட முறை ஆரோக்கியத்துக்கும் உகந்ததாக அமைவது இப்படித்தான்.

கடைசியாக, பரிமாறும் விதம். கண்ணில் படாதபடி அரைத்து ஒளித்து ஊட்டிவிடலாம் என்ற யுக்தி ஒருநாள் பலிக்கும். குழந்தை கண்டுபிடித்துவிட்டாலோ, அதுவரை விரும்பி உண்ட பண்டத்தின்மேலும் சந்தேகம் விழுந்துவிடும். 'இதைச் சாப்பிட்டால் அது தருவேன்' என்ற பேரமும் பயனற்றது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லிக் குடிக்கவைக்கப்பட்ட குழந்தைகள் பிற்பாடு அதே பானத்தை முன்னைவிடக் குறைவாகவே விரும்பினர் என்று லியன் பர்ச் 1984-ஆம் ஆண்டில் காட்டியிருக்கிறார். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு என்று எல்லின் சாட்டர் வகுத்த பிரிவினையைப் போஷணை நிபுணர்கள் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். 'இதில் ஹாம் போட்டிருக்கிறேன், கண்ணா' என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்துவிட்டு, தாமும் அதையே ருசித்து உண்டுகொண்டிருப்பதற்கு மேல் பெற்றோர் செய்யத்தக்கது அதிகமில்லை. இன்று ஒதுக்கி வைத்தால் வைக்கட்டும். அடுத்த வாரமும் அது வரும்.

ஆகவே பொட்டலம் பிரித்த அன்றே பாதியை எடுத்து, வில்லைகளுக்கிடையே மெழுகுக் காகிதம் வைத்து, ஒருவேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவைத்துவிட்டு, மறுபாதியை ஐந்து நாட்களுக்குள் நறுக்கி, சூடாக்கி, காய்கறியோடும் மாவுப்பண்டத்தோடும் கலந்து தீர்ப்பவர்க்கு, இறைச்சி வீணாவதும் இல்லை, உப்பு மிகுவதும் இல்லை, சாப்பாட்டு வேளையில் குழந்தையோடு வழக்காட வேண்டிய அவசியமும் இல்லை. இம்முறையைக் கைக்கொண்ட வீட்டில், சில மாதங்களுக்குப் பின், வாங்கும் பொட்டலத்தின் அளவும் தானே குறைந்துவிடும்.